புகைக்குப் பெயர் எழுதுபவள்

சிவப்புச் சாயம் அடித்த கல் வந்ததும் இசபெல்லா மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டு இறங்கிவிடுவாள். அங்கிருந்து அவள் வேலை செய்கிற நிலையத்துக்கு நானூறு மீட்டர். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் சவுக்கு, நடுவில் மண்பாதை. மழை நாளில் சக்கரம் பாதி புதையும். இருந்தாலும் தள்ளிக்கொண்டுதான் போவாள். மீன் வாங்க வருகிறவர்கள் யாராவது, “என்னக்கா, மோட்டார் ரோசாக்கா? மறுபடி படுத்துக்கிச்சா?” என்று கேட்டால், “வண்டி நல்லாத்தான்லா இருக்கு. அது விடுற மூச்சுதான் நல்லா இல்ல” என்பாள். பதினொரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். கேட்கிறவர்களுக்கும் சலிக்கவில்லை, அவளுக்கும் சலிக்கவில்லை.

வண்டியைச் சாய்த்து நிறுத்தியதும் அடுத்த வேலை விரலை நனைப்பது. வலது சுட்டுவிரலை நாக்கில் தொட்டுத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி அரை நிமிடம் நிற்பாள். அவள் தலைக்கு நேர் மேலே, பத்து மீட்டர் கம்பத்தின் உச்சியில், காற்றின் திசையையும் வேகத்தையும் நொடிக்கு நொடி எழுதிக்கொள்கிற கருவி சுற்றிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த சாமான். அது இருக்கும்போது இந்த எச்சில் விரல் எதற்கு என்று பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற மாணவர்கள் சிரிப்பார்கள். “அது பொய் சொல்லாது. ஆனா நானும் காத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கணும்ல” என்பாள் இசபெல்லா. கேட்டுக்கொண்ட பிறகுதான் பூட்டைத் திறப்பாள்.

குள்ளமான, அகன்ற உடம்பு. ஐம்பத்திரண்டு வயது. நீல நிற முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி, சட்டைக்குள் ஜெபமாலை. பேச்சில் மட்டும் அவசரம் உண்டு, நடையில் கிடையாது. சித்தியவான் ஊரிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில் யாரைக் கேட்டாலும் ‘பொகை ஆபீசு பெல்லா அக்கா’ என்று வழி காட்டுவார்கள். அது ஆபீசு இல்லை, ஆராய்ச்சி நிலையம் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு அவளுக்கே அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

நிலையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். கப்பலில் ஏற்றுகிற கொள்கலன் ஒன்றை வெள்ளையடித்து, கதவு வைத்து, குளிர்சாதனம் பொருத்தி, கடலோரம் காங்கிரீட் கட்டைகள் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு குழாய் மேலே போகிறது. அது இரவும் பகலும் காற்றை உறிஞ்சும். உள்ளே ஒரு பெட்டிக்குள் வெள்ளை நாடா ஓடுகிறது. உறிஞ்சிய காற்று நாடாவைத் துளைத்துக்கொண்டு போகும்போது அதிலுள்ள கரித்தூள் நாடாவில் தங்கிவிடும். காட்டு மரம் எரிந்தாலும், டீசல் எரிந்தாலும், குப்பை எரிந்தாலும் மிஞ்சுகிற கரி அது, கண்ணுக்கே தெரியாத அளவு சன்னமானது. நாடாவில் ஐந்து காசு அளவுக்கு ஒரு பொட்டு விழும். பொட்டு எவ்வளவு கறுத்தது என்று பெட்டி ஒளியைப் பாய்ச்சிப் பார்த்து எண்ணாகச் சொல்லும். நல்ல நாளில் அந்த எண் ஒன்றைத் தாண்டாது. கடலுக்கு அப்பால் காடு எரிகிற மாதங்களில் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறும்.

அந்தத் தொலைதூரப் புகைக்காகத்தான் நிலையமே. கடல் தாண்டி எவ்வளவு கரி வருகிறது, வருடத்துக்கு வருடம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கணக்கு. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மட்டையைக் கொளுத்தினால் அந்தப் புகையும் குழாய்க்குள் போகும்; பெட்டிக்கு அண்டை வீட்டுப் புகை எது, அயல் நாட்டுப் புகை எது என்று தெரியாது. தெரிந்து சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை உள்ளூர்ப் புகை வந்தது, என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதிய நேரத்தையெல்லாம் வருடக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். இசபெல்லா அதை ‘அடிக்கிறது’ என்பாள். “காலைல ரெண்டு மணி நேரத்த அடிச்சிட்டேன் டாக்டர், எவனோ டயரக் கொளுத்திட்டான்.” அவள் எழுதாமல் விட்ட புகை, உலகக் கணக்கில் கடல் தாண்டி வந்த புகையாகிவிடும். பதினொரு வருடக் கணக்கு அவள் வார்த்தை ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

இந்த வேலைக்கு அவள் வந்தது துடைப்பத்தோடு. பழைய ரப்பர் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியைப் படிவம் ஐந்தோடு நிறுத்தி, தொழிற்சாலைகளில் பதினைந்து வருடம் நின்று கால் வீங்கிய பிறகு, நிலையத்தைக் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தாள். அப்போது டிப்ளோமா படித்த ஒரு பையன்தான் பொறுப்பில் இருந்தான். ஒரு நாள் நிலையத்தின் தலைவர் டாக்டர் அம்பிகை வந்திருந்தார். பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது. ‘கடல் தாண்டி வருகிறது’ என்று பையன் எழுதப் போனான். ஈரத் துடைப்பத்தோடு வாசலில் நின்றவள், “அது இல்ல தம்பி. இது லாலாங் புல்லு எரியிற வாசம். அந்தப் பொகை வந்தா தொண்டையில கரிக்கும், இது மூக்குல இனிக்குது பாரு” என்றாள். டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மலாய்க்காரப் பெரியவர் லாலாங் புல்லைக் கொளுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் பதிவேடு இசபெல்லாவின் கைக்கு வந்தது.

மூக்கைத் தீட்டி வைத்திருப்பதற்காக அவள் படுகிற பாடு கொஞ்சமில்லை. கோயிலில் மெழுகுவத்திகளுக்கு எட்டத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். வீட்டில் கொசுவத்தி கிடையாது, வலைதான். நிலையத்தில் அடுப்பு கிடையாது, ஆறிய சாப்பாடுதான். கதவு விஷயத்தில் மகா கண்டிப்பு. உள்ளே எப்போதும் இருபத்தைந்து டிகிரி இருக்க வேண்டும், வெப்பம் புகுந்தால் பெட்டி தடுமாறும். பத்து விநாடிக்கு மேல் யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால், “உள்ள வாரதுன்னா வாங்க, போறதுன்னா போங்க! நடுவுல நின்னா எப்படிலா?” என்று ஒரு சத்தம். கதவு திறந்திருந்த நேரமும் பதிவேட்டில் ஏறும். ஒரு தடவை டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு வந்து, வாசற்படியிலேயே நின்று ஏழு நிமிடம் பேசினார். அவரை அதட்ட முடியவில்லை. அவர் போனதும், ‘கதவு திறப்பு, 11:02 – 11:09, காரணம்: டத்தோ’ என்று எழுதிவிட்டாள். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, யார் போனாலும் காட்டுவாள்.

ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்களை நிறுத்திவிடுவது வேறு. தெற்கே ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், ஆற்று முகத்துவாரத்தில், சுற்றுவட்டாரத் தோட்டத்து இந்துக்களின் சுடுகாடு இருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் விறகு அடுக்கி எரிக்கிற பழைய முறை. தெற்குக் காற்று அடித்தால் அந்தப் புகை நேரே நிலையத்துக்குத்தான் வரும். சுடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற அப்பாவு அண்ணன் ஒவ்வொரு தடவையும் இசபெல்லாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். “பெல்லா, இன்னிக்கு மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு.” அவள் கேட்கிற முதல் கேள்வி, “யாருண்ணே?”

எழுதவேண்டியது ‘உள்ளூர் எரிப்பு’ என்ற இரண்டு வார்த்தைதான். அவள் பெயரை எழுதுவாள். தமிழில், தோட்டத்துப் பள்ளியில் கற்ற குண்டு எழுத்தில். ‘வீரம்மா, 81, ரப்பர் பால் வெட்டியவர்.’ ‘கோவிந்தன், 60, லயத்துக் கடைசி வீடு.’ ‘பெயர் வைக்கவில்லை, பிறந்து ஐந்து நாள்.’ பதினொரு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் பெயர். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, ஆட்கள் ஈப்போவுக்கும் செமோருக்கும் கோலாலம்பூருக்கும் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. எரிக்க மட்டும் இங்கே கொண்டுவருகிறார்கள். ஒரு கத்தோலிக்கப் பெண், கரி அளக்கிற நோட்டில், அவர்கள் எல்லாரையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். டாக்டர் அம்பிகை முதல் வருடமே கேட்டார். “இசபெல்லா, பேர் எல்லாம் எதுக்கு? காரணம் மட்டும் போட்டால் காணுமே.” இசபெல்லா பேனாவை மூடிவைத்தாள். “அடிக்கத்தானே போறோம் டாக்டர். பேரு கூடத் தெரிஞ்சுக்காம ஒருத்தர எப்படி அடிக்கிறது?” டாக்டர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இனி சீனி. அந்தச் சிவப்புக் கல்லுக்குச் சாயம் அடித்தவன் அவன்தான். இசபெல்லாவின் கணவன், செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டியவன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இரு வீட்டாரும் கதவைச் சாத்தியபோது இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடித்தார்கள். அவன் சாமியை அவனும், அவள் சாமியை அவளும் வைத்துக்கொண்டார்கள். ஒரே சுவரில் இரண்டு சாமி படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறது. அதில் அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் புகையில்தான். சீனி கிராம்பு சிகரெட் பிடிப்பவன், ஒரு நாளைக்கு ஒரு டப்பா. அவன் லாரியோ மலை ஏறும்போது பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. இரண்டையும் நிலையத்துக்குப் பக்கத்தில் விடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“சரி, எதுவரைக்கும் வரலாம்? கோடு போட்டுச் சொல்லு” என்றான். அவளே அடி வைத்து அளந்து ஒரு கல்லைக் காட்டினாள். மறுநாள் லாரிக்கு அடித்து மிச்சமான சிவப்புச் சாயத்தை அதன் தலையில் ஊற்றி, “இந்தா, ஒன் நாட்டு எல்லை” என்றான். அதற்குப் பிறகு மத்தியானம் லாரி அந்தப் பக்கம் வருகிற நாளெல்லாம், சாலையிலேயே அதை நிறுத்திவிட்டு நடந்து வந்து அந்தக் கல்லில் உட்காருவான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் டீயும் கையில் இருக்கும். அவள் அங்கே போய் வாங்கிக்கொள்வாள். அவன் சிகரெட்டை எடுத்தால், அவள் விரலை நனைத்துத் தூக்கிப் பார்ப்பாள். கடல் காற்று என்றால் தலையாட்டுவாள். தெற்கு என்றால் அது திரும்ப டப்பாவுக்குள் போய்விடும்.

“பதினோரு வருசமா எம் பொண்டாட்டி ஆபீசுக்குள்ளாற எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுலா. அரமணைன்னாக்கூட டிக்கெட் எடுத்துப் பாத்துரலாம்” என்பான் அவளைப் பார்த்து. அவள் சிரிக்காமல் சாப்பிடுவாள். அவன் விடமாட்டான். “பாரு, ஒரு நாளு ஒன் மெசினுக்குள்ளாறவே வந்து ஒக்காந்துக்கிறேன். அப்ப என்ன பண்ணுவ?”

“என்ன பண்றது? பேர எழுதி அடிச்சிப்புடுவேன்.”

“செய்வ, செய்வ. நீ செய்யிற ஆளுதான்” என்று அவனே முதலில் சிரித்துவிடுவான்.

இந்த வருடம் மார்ச் மாதம், ஆலைக்கு முன்னால் எடை போட வரிசையில் நின்றிருந்த லாரியில், சீனி ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி இருந்தான். தூங்குகிறான் என்று பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்திருக்கிறான். இதயம் நின்று அரை மணி ஆகியிருந்தது. ஐம்பத்தைந்து வயது.

மறுநாள் மூன்று மணிக்கு எடுத்தார்கள். மகன் பவித்ரன் கொள்ளிச் சட்டி தூக்கினான். இரண்டாம் டிவிஷன் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, சாலை முனை வரைக்கும்தான். இசபெல்லா முனை வரைக்கும் போனாள், ஊர்வலம் திரும்பி மறைகிற வரை நின்றாள், வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு அறைக்குள் போய் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வீடு நிறைய ஆட்கள். சீனியின் அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதவர், அழுகையை நிறுத்திப் பார்த்தார். “எங்கம்மா கெளம்புற? அங்க அவன் கட்ட வேகுது, நீ வேலைக்கா போற?”

“காத்து திரும்பிச்சுன்னா எழுத வேற ஆளு இல்லக்கா” என்றாள் இசபெல்லா. அது உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று அன்று பேசியவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

சிவப்புக் கல்லில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தாள். காற்று கடலிலிருந்து வந்தது. தெற்கே தகரக் கூரைக்கு மேல் புகை எழும்பி, அப்படியே வளைந்து, தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி பிடிக்கவும் இல்லை. அவன் இந்தப் பக்கம் வராமல் போகிறானே என்று ஒரு கோபம்கூட வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலேகாலுக்குக் காற்று தெற்குக் காற்றாகத் திரும்பியது. பெட்டியில் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தது, மூன்றானது, பதினொன்றானது, இருபத்தாறானது. நாடா சில நிமிடங்களுக்கு ஒரு தரம் ‘டக்’ என்று நகர்ந்தது. வெள்ளை நாடாவில் பொட்டு பழுப்பாகும், கறுக்கும், நகரும், அடுத்தது. இசபெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“வந்துட்டியா” என்றாள்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். பதினொரு வருடமாக எல்லைக் கல்லில் நிறுத்தி வைத்த மனுசன், சொன்ன மாதிரியே மெசினுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். ஏழு மணி வரைக்கும் அவனோடு இருந்தாள். சுவரில் கருவிகள் எப்படி மாட்டியிருக்கின்றன, எந்த விளக்கு எதற்கு, டத்தோ நின்ற இடம் எது என்றெல்லாம் அவனுக்குச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அதை அவள் யாரிடமும் முழுதாகச் சொல்வதில்லை.

எண் இறங்கி ஓய்ந்ததும் பதிவேட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதினால் அந்த மணிகள் போய்விடும். உலகத்தில் எந்தக் கணக்கிலும் அந்தப் பின்னேரம் இருக்காது. அவனைக் கைப்பிடித்து வெளியே தள்ளி, மறுபடி சிவப்புக் கல்லுக்கு அப்பால் நிறுத்துவதாகத்தான் அவளுக்குப் பட்டது. நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நாலு மாதம் அந்த வரி அப்படியே கிடந்தது. தேதி மட்டும், மற்றக் கட்டங்கள் வெள்ளை. அதற்குக் கீழே வழக்கம்போல எல்லாம் ஏறின. டயர், மட்டை, கொசுப் புகை அடிக்க வந்த நகராண்மை வண்டி, அப்பாவு அண்ணன் கூப்பிட்டுச் சொன்ன ஒன்பது பெயர். ஒவ்வொன்றையும் எழுதும்போது இடது கையை அந்த வெள்ளை வரியின் மேல் வைத்துக்கொண்டு எழுதுவாள். பகலெல்லாம் வேலை ஓடியது. ஆனால் எழுதாமல் விட்டது எழுதாமல் விட்டதுதான், அது அவளுக்குத் தெரியும். தன் வார்த்தையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று தெரிந்தே நடமாடினாள்.

ஜூலைக் கடைசியில் வருடக் கணக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் அம்பிகை ஈப்போவிலிருந்து வந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அறுபதை நெருங்குகிற, சத்தமாகப் பேசத் தெரியாத பெண்மணி. அவருடைய காரும் சிவப்புக் கல்லோடு நின்றுவிடும், அவரும் நடந்துதான் வருவார். மடிக்கணினியில் ஒவ்வொரு மாதமாக ஓட்டிக்கொண்டே வந்தவர், மார்ச்சில் நிறுத்தினார்.

“இசபெல்லா, இதென்ன, ஒரு பின்னேரம் இருபத்தாறு வரைக்கும் போயிருக்கு? குப்பை எரிச்சவங்களோ? நோட்டிலை தேதி மட்டும் இருக்கு.”

டாக்டர் தேதியை இன்னொரு முறை பார்த்தார். அந்த வாரம் அவர் வெளிநாட்டில் இருந்தார், மலர்வளையம் மட்டும் அனுப்பியிருந்தார். மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்கள் இங்கையோ இருந்தீங்கள் அண்டைக்கு?”

“இங்கதான் டாக்டர். ஏழு மணி வரைக்கும்.”

டாக்டர் நோட்டில் அந்த வெள்ளை வரியைப் பார்த்தார். விதி தெரிந்தவர், அந்த விதியை எழுதியவரே அவர்தான். பிறகு, தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னார். “இதை இப்பிடியே விட்டிடுவம். வருசத்திலை ஒரு பின்னேரம்தானே. ஆருக்கும் தெரியப்போறதில்லை. நான் கேட்கமாட்டன்.”

இசபெல்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. சந்தோஷமா, பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாலு மாதமாக ராத்திரியும் பகலும் வேண்டியதை ஒருவர் எடுத்துக் கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ள ஒரு தலையசைப்புப் போதும்.

அவள் பதிவேட்டை எடுத்து, பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள். முதல் வருடத்து முதல் பெயரில் விரலை வைத்தாள்.

“வீரம்மா பாட்டிக்கு எட்டுப் புள்ளைங்க டாக்டர். ஒருத்தர்கூட, எங்கம்மாவ அடிக்காதேன்னு வந்து கேக்கல. கேட்டிருந்தா நான் விட்டிருப்பனா? மாட்டேன்ல. அப்பறம் எம் புருசன மட்டும் வச்சுக்கிட்டா, இவ்வளவு பேர நான் எதுக்கு அடிச்சேன்?” பதிவேட்டை மறுபடி மார்ச் மாதத்து வெள்ளை வரிக்குத் திருப்பினாள். “அவருக்கிட்டயே சொல்லியிருக்கேன். வந்தா பேர எழுதி அடிச்சிப்புடுவேன்னு. சிரிச்சாரு.”

பேனாவை எடுத்தாள். தொடக்கம்: 4:15. முடிவு: எண் ஓய்ந்தது ஏழுக்கு, எல்லாருக்கும் போடுவதுபோல அதற்கு மேல் அரை மணி, 7:30. காற்று: தெற்கு. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிதானித்து, அதே குண்டு எழுத்தில், ‘சீனிவாசன், 55, லாரி ஓட்டியவர்’ என்று எழுதினாள். பக்கத்தில் வேறு எதுவும் சேர்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணினியில் அந்த மூன்றேகால் மணி நேரத்தை நீக்கினார். கோட்டில் ஓங்கி நின்ற முனை போய், அந்த இடம் வெறுமையானது.

இசபெல்லா எழுந்தாள். கதவருகே போய்த் தாழை நீக்கி, கதவை விரியத் திறந்தாள். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. வெப்பமும் கடல் இரைச்சலும் ஒன்றாக உள்ளே வந்தன. யாருக்கும் பத்து விநாடிக்கு மேல் அனுமதிக்காதவள், கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, ஓர் ஆள் தாராளமாகப் போகிற அளவுக்கு வழி விட்டு நின்றாள். குளிர்சாதனம் வேகம் பிடிக்கிற சத்தம் எழுந்தது.

பிறகு கதவைச் சாத்தினாள், தாழைப் போட்டாள், வந்து உட்கார்ந்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டின் அடுத்த வரியில் எழுதினாள்: ‘கதவு திறப்பு, 4:52 – 4:53, காரணம்: சீனி.’